7 கிலோவாற் கார் சார்ஜர் பூட்ட மூன்று எஸ்டிமேட், மூன்று விதமான தொகை: எதை எடுப்பது? (கிளிநொச்சி)

திருநகர் வீடு

வணக்கம். அடுத்த மாதம் வீட்டுக்கு மின்சாரக் கார் வருகிறது. 50 கிலோவாற்-மணி பற்றரி, ரைப் 2 பிளக். காரோடு 7 கிலோவாற் சுவர்ச் சார்ஜர் ஒன்றும் தருகிறார்கள். பூட்டுகிற செலவு எங்களுடையது.

வீடு கிளிநொச்சி திருநகர்ப் பக்கம். சிங்கிள் பேஸ், 30 அம்பியர் இணைப்பு. மீற்றர் முன் சுவரில் இருக்கிறது, மெயின் போர்ட் விறாந்தையில், கார்க் கொட்டில் வீட்டுக்குப் பின்னால். வயர் போகவேண்டிய வழியை நாடா பிடித்து அளந்தேன், 26 மீற்றர். வீட்டில் 1 குதிரைவலுத் தண்ணி மோட்டர், பிரிட்ஜ், கேத்தல், அயன்பொக்ஸ், ஒரு ஏசி இருக்கின்றன.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதலாமவர் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர். "32 அம்பியர் லைன், எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று வட்ஸ்அப்பில் ஒரே வரி. இரண்டாமவர் ஒரு பக்கத்துக்குச் சாமான் பட்டியல் தந்தார்: 7/1.04 வயர் மூன்று கொயில், எர்த் கம்பி இரண்டு, தனி ட்ரிப் சுவிச் (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுவது), சேர்ஜ் பாதுகாப்பு (இடி மின்னலில் வோல்ற் எகிறினால் காப்பது) என்று நீளமாகப் போகிறது. தொகை முதலாமவருடையதைப் போல ஒன்றரை மடங்கு. மூன்றாமவர் ஊர்க்காரர். குசினிக்குப் போகிற பிளக் லைனிலேயே எடுத்துத் தரலாம் என்கிறார். இரண்டாமவரின் தொகையில் கால்வாசிதான்.

எது நியாயமான விலை என்று எப்படிப் பிடிப்பது? குறைத்துக் கேட்பதென்றால் எந்த இடத்தில் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

மின்கம்பி

மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. வேலை இன்னதுதான் என்று முதலில் நீங்கள் முடிவெடுங்கள். பிறகு அதே வேலைக்கு மூவரிடமும் விலை கேளுங்கள்.

முதலில் அம்பியர். 7 கிலோவாற் சார்ஜர் முழு வேகத்தில் 32 அம்பியர் இழுக்கும். உங்கள் இணைப்பே 30 அம்பியர். முழு வேகத்தில் விட்டால் சார்ஜர் மட்டுமே அந்த அளவைத் தாண்டிவிடும். மேலே கேத்தலையும் போட்டால் மீற்றரடிப் பிரேக்கர் விழும். விழாவிட்டால் அது இன்னும் மோசம், இணைப்புகள் மணித்தியாலக் கணக்கில் சூடாகிக்கொண்டே இருக்கும். இணைப்பு எத்தனை அம்பியர் என்று கேட்காமலே 32 அம்பியர் லைனுக்கு விலை சொல்கிறவர் உங்கள் வீட்டைப் பார்த்து விலை சொல்லவில்லை.

சுவர்ச் சார்ஜர்களில் உச்ச அம்பியரைக் குறைத்து வைக்க வழி இருக்கும். சிலதில் மூடிக்குள் சின்னச் சுவிச் வரிசை, சிலதில் போன் செயலி. 16 அம்பியரில் வையுங்கள். 16 × 230 = 3.68 கிலோவாற். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை 7 மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட 25 யூனிற் போகும். ஏறும்போது பத்திலொரு பங்கு வீணாகிறது என்று கழித்தாலும் 130, 140 கிலோமீற்றர் ஓடலாம். யாழ்ப்பாணம் போய்வந்த ஓட்டம் ஒரு இரவில் திரும்ப ஏறிவிடும். 32 அம்பியர் தேவைப்படுகிற நாள் உங்களுக்கு அரிதாகத்தான் வரும்.

அடுத்தது வயர். 16 அம்பியருக்கு 7/0.85, அதாவது 4 சதுர மில்லிமீற்றர் போதும். ஆனாலும் 7/1.04 போடுவது நல்லது. அது 6 சதுர மில்லிமீற்றர். 26 மீற்றர் தூரத்தில் 16 அம்பியர் ஓடும்போது 4 சதுரத்தில் ஏறத்தாழ 4.6 வோல்ற் விழும், 6 சதுரத்தில் 3 வோல்ற். எங்கள் பக்கத்து லைன்களில் அந்த ஒன்றரை வோல்ற்றுக்கும் பெறுமதி உண்டு. பின்னொரு நாள் இணைப்பைக் கூட்டினால் அதே வயரில் கூடிய அம்பியரும் ஓட்டலாம். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.

இப்போது இரண்டாமவரின் மூன்று கொயிலைப் பார்ப்போம். ஒரு கொயில் 100 மீற்றர். லைன், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் 26 வீதம் 78 மீற்றர். வளைவுக்கும் பெட்டிகளுக்குள் விடுவதற்கும் ஒவ்வொன்றிலும் 2 மீற்றர் சேர்த்தால் 84. மூன்று நிறம் வேண்டும் என்பதால் மூன்று கொயில் எழுதியிருப்பார். ஹார்ட்வெயாரில் மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள்: மண்ணிறம் 28, நீலம் 28, பச்சை-மஞ்சள் 28. மிஞ்சுகிற 216 மீற்றருக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தினாலே அவருடைய தொகை நன்றாக இறங்கும். இதை வைத்து அவரைக் கள்ளன் என்று விட்டுவிடாதீர்கள். மூவரிலும் வேலையை விளங்கினவர் அவர்தான்.

மூன்றாமவர் சொல்வதைச் செய்யவே வேண்டாம். குசினி பிளக் லைன் பெரும்பாலும் 7/0.67, அதாவது 2.5 சதுரம், 20 அம்பியர் பிரேக்கரில் இருக்கும். சார்ஜர் 16, கேத்தல் 9, ஆக 25. பிரேக்கர் அடிக்கடி விழும். விழுகிறதே என்று கேட்டால் பிரேக்கரைக் கழற்றி 32 போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு பிரேக்கர் விழாது, சுவருக்குள் வயர் வேகும். வீடு பற்றுவது இந்த வழியில்தான். கார் சார்ஜரின் லைன் மெயின் போர்ட்டிலிருந்து தனியாகப் புறப்பட வேண்டும். நடுவில் ஒரு பிளக்கும் ஒரு பல்ப்பும் அதில் தொங்கக் கூடாது.

ட்ரிப் சுவிச் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலைப்பட்டியலில் ஆட்கள் முதலில் வெட்டுகிற சாமான் இது. வீட்டு மெயினில் இருக்கிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சின் முகத்தைப் பாருங்கள். சின்னப் பெட்டிக்குள் ஒரு அலைக்கோடு மட்டும் கீறியிருந்தால் அது ஏசி வகை (குளிரூட்டி ஏசி இல்லை, கரண்ட் வகையின் பெயர்). அலைக்கோட்டுக்குக் கீழே அரை அலை மேடுகளும் இருந்தால் ஏ வகை. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஏசி வகைதான். காரில் இருப்பது டிசி பற்றரி. பழுது வந்து டிசி கசிவு வயருக்குள் ஏறினால் ஏசி வகை ட்ரிப் சுவிச் மரத்துப் போய்விடும். அந்த நேரம் வீட்டில் வேறொருவருக்கு அடித்தாலும் அது விழாது. எனவே சார்ஜருக்கு ஏ வகையில் 40 அம்பியர், "இரண்டு போல்" (லைனையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுவது), 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் தனியாக வேண்டும். சார்ஜரின் கையேட்டில் 6 மில்லி அம்பியர் டிசி கசிவைப் பிடிக்கும் என்றோ ஐஇசி 62955 என்றோ எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஏ வகை போதும். இல்லையென்றால் பி வகை வேண்டும், அதன் விலை பல மடங்கு.

இந்தப் புதிய ட்ரிப் சுவிச் பழையதற்குப் பின்னால் வரக் கூடாது, பக்கத்தில் வரவேண்டும். மெயின் ஐசொலேட்டரிலிருந்து (வீட்டின் மெயின் சுவிச்) இரண்டாகப் பிரித்து ஒன்று வீட்டுக்கு, மற்றது சார்ஜருக்கு. பழையதற்குப் பின்னால் தொடுத்தால் மேலே சொன்ன மரத்துப்போகிற பிரச்சினை அப்படியே இருக்கும், காசும் வீண். புதிய பிரேக்கர் சி வகை (தொடங்கும்போது ஒரு கணம் கரண்ட் கூடினாலும் விழாதது), 20 அம்பியர்.

செம்மண்

மின்கம்பி அண்ணை எர்த்தைத் தொடவில்லை, நான் அதைச் சொல்கிறேன். வன்னியில் இந்த வேலை பிழைக்கிற இடம் பெரும்பாலும் அதுதான்.

மின்சார சபை லைனும் நியூட்ரலும் மட்டும் தருகிறது. எர்த் எங்கள் வளவுக்குள் நாங்கள் இறக்குகிற கம்பிதான். பழைய வீடுகளில் நாலடிக் கம்பி ஒன்றை அடித்து மேலே சீமெந்து பூசிவிட்டிருப்பார்கள். மாரியில் அது நன்றாக வேலை செய்யும். ஆடி ஆவணியில் மேல்மண் நாலடிக்கும் காய்ந்து போனால் எர்த்தின் தடை பல மடங்கு ஏறும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இன்னும் மோசம். பல்ப்பும் பிரிட்ஜும் எர்த் இல்லாமலும் ஓடும், அதனால் குறை தெரியவே தெரியாது. கார் சார்ஜர் தொடங்குவதற்கு முன் எர்த்தைச் சோதிக்கும். சரியில்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். மார்கழியில் பூட்டின சார்ஜர் ஆடியில் "பழுதாகி"ப் போவது அநேகமாக இப்படித்தான். சார்ஜரில் ஒரு பிழையும் இருக்காது.

ஆகவே எட்டடி, 16 மில்லிமீற்றர் செப்புப் பூசின கம்பி இரண்டு. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் குறைந்தது எட்டடி இடைவெளி. ஒரே குழிக்குள் இரண்டையும் அடித்தால் ஒன்று அடித்த மாதிரித்தான். இரண்டையும் 7/1.35 பச்சை-மஞ்சள் வயரால் தொடுத்து, பைப்புக்குள் விட்டு மெயின் போர்ட்டின் எர்த் பட்டைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய எர்த்தும் அதே பட்டையில்தான் சேரவேண்டும். சார்ஜருக்கென்று ஒரு கம்பியைக் கொட்டிலடியில் அடித்து அதைத் தனியாகவே விட்டுவிடுகிற வேலை பல இடங்களில் நடக்கிறது. அப்படி விட்டால் காரின் உடம்புக்கும் வீட்டு எர்த்தில் நிற்கிற வேறொரு சாமானுக்கும் இடையில் வோல்ற் வித்தியாசம் வரலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிற ஆளுக்கு ஆபத்து.

குளியலறைத் தண்ணி போகிற வாழையடிப் பக்கம் நல்ல இடம், வருடம் முழுக்க ஈரம் இருக்கும். கரியும் உப்பும் போட வேண்டாம். உப்பு முதல் மழையோடு கரைந்து போகும், இருக்கிற காலத்தில் கிளாம்பை அரிக்கும். பெந்தோனைற் மண் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிளாம்புக்கு மேலே சின்னச் சீமெந்துப் பெட்டியும் திறக்கக்கூடிய மூடியும் வேண்டும். பூசி மூடிவிட்டால் பிறகு அளக்க முடியாது.

எஸ்டிமேட்டில் "எர்த்" என்று ஒரு சொல்லை எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை கம்பி, எத்தனை அடி, வேலை முடிய எர்த் டெஸ்டரால் அளந்து எத்தனை ஓம் என்று எழுதித் தருவாரா, இந்த மூன்றையும் கேளுங்கள். 200 ஓமுக்கு மேலே போனால் நம்ப முடியாத எர்த். 50க்குக் கீழே கொண்டுவருவதை இலக்காக வையுங்கள். அளவை மண் காய்ந்திருக்கிற காலத்திலேயே எடுங்கள். மழைக்குப் பிறகு எடுத்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத் தெரியும்.

இடி மின்னலுக்குச் சேர்ஜ் பாதுகாப்பும் வெட்டக்கூடாத சாமான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி எங்கள் பக்கம் சாதாரணம். அந்தச் சாமானின் பெயர் எஸ்பிடி. ரைப் 2 எஸ்பிடி (கார் பிளக்கின் ரைப் 2 வேறு), ட்ரிப் சுவிச்சுக்கு முன்னால் வரவேண்டும். அதற்குப் போகிற வயரும் அதிலிருந்து எர்த் பட்டைக்குப் போகிற வயரும் சேர்ந்து அரை மீற்றருக்குள் இருக்கவேண்டும். நீட்டி வளைத்து விட்டால் இடி வரும்போது அது காப்பாற்றாது. எங்கள் எர்த் முறைக்கு லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் வாயுக் குழாய் ஒன்று என்று "1+1" அமைப்பில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

திருநகர் வீடு

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. மெயினில் இருக்கிற ட்ரிப் சுவிச்சைப் பார்த்தேன், ஒரு அலைக்கோடுதான், ஏசி வகை. சார்ஜர் கையேட்டில் 6 மில்லி அம்பியர் டிசி என்று எழுதியிருக்கிறது.

வோல்ற் மீற்றர் ஒன்று வாங்கி மெயின் போர்ட்டில் அளப்பித்தேன். இரவு 7.30க்கு 214. இரவு 11 மணிக்கு 227. 11 மணிக்கு 2000 வாற் கேத்தலைப் போட்டதும் 223க்கு இறங்கியது. இது போதுமா? வேறொருவர் த்ரீ பேஸ் எடுத்தால் எல்லாம் தீரும் என்கிறார். உண்மையா?

மின்கம்பி

அளந்தது நல்ல வேலை. இந்த நாலு எண்ணும் எஸ்டிமேட்டைவிடக் கூடிய விசயம் சொல்லுகின்றன.

கேத்தல் 8.7 அம்பியர். அதற்கு 4 வோல்ற் விழுந்தால், ட்ரான்ஸ்போமரிலிருந்து உங்கள் போர்ட் வரைக்கும் லைனின் தடை ஏறத்தாழ 0.46 ஓம். சார்ஜர் 16 அம்பியர் இழுக்கும்போது அதில் 7.4 வோல்ற் விழும். உங்கள் 26 மீற்றர் 7/1.04 இல் இன்னுமொரு 3. 227 இலிருந்து கழித்தால் சார்ஜரடியில் 216, 217 நிற்கும். மின்சார சபை தரவேண்டிய அளவு 230க்கு 6 வீதம் மேலே அல்லது கீழே, அதாவது 216 முதல் 244 வரை. விளிம்பில் என்றாலும் உள்ளே நிற்கிறீர்கள். அதே கணக்கை 32 அம்பியருக்குப் போடுங்கள்: லைனில் 14.7, வயரில் 6, மிஞ்சுவது 206. மணித்தியாலக் கணக்கில் அப்படி ஓட்டினால் உங்கள் பிரிட்ஜுக்கும் கூடாது, அதே லைனில் இருக்கிற பக்கத்து வீட்டுக்கும் கூடாது. பல சார்ஜர்கள் தாமாகவே நிறுத்திவிடும்.

7.30க்கு 214 என்றால் சார்ஜர் ஓடாமலே அளவுக்குக் கீழே போய்விட்டது. இதை எழுத்தில் மின்சார சபை பாவனையாளர் சேவை நிலையத்தில் கொடுங்கள், திகதியும் நேரமும் போட்டு. ட்ரான்ஸ்போமரில் பேஸ் பளுவைச் சமப்படுத்துவது அவர்களுடைய வேலை, அதற்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். அதுவரை சார்ஜரின் நேரத்தை 10.30க்குப் பிறகு வையுங்கள். 6.30 முதல் 10.30 வரை நாடு முழுக்கவே உச்ச நேரம், அந்த நேரத்தில் காருக்கு ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

வீட்டுப் பளுவும் பார்த்துவிடுவோம். இரவு 11க்குச் சார்ஜர் 16, ஏசி 5, பிரிட்ஜும் காற்றாடியும் 2. ஆக 23, தாராளம். விடிய 5 மணிக்குத் தண்ணி மோட்டரையும் கேத்தலையும் ஒன்றாகப் போட்டால் சார்ஜர் 16 + மோட்டர் 5 + கேத்தல் 9 + ஏசி, பிரிட்ஜ், காற்றாடி 7 = 37. அங்கேதான் விழும். மோட்டரை 5.30க்குப் பிறகு போடுகிற பழக்கம் போதும். அது சரிவராது என்றால் வீட்டுப் பளுவைப் பார்த்துத் தானாகக் குறைக்கிற வசதி சார்ஜரில் இருக்கிறதா என்று பாருங்கள். மெயின் வயரைச் சுற்றி ஒரு கிளிப் போட்டு, அதிலிருந்து மெல்லிய சிக்னல் வயர் சார்ஜர் வரை போகும். இப்போது அது வேண்டாமென்றாலும், பைப் ஓட்டும்போது பக்கத்தில் 20 மில்லிமீற்றர் வெற்றுப் பைப் ஒன்றையும் ஓட்டி உள்ளே இழு கயிறு விட்டு வையுங்கள். மிகச் சின்னச் செலவு, பின்னால் பெரிய உடைப்பு வேலை மிச்சம்.

ஏ9 ஓட்டம்

த்ரீ பேஸ் கேள்விக்குப் பதில்: எல்லாம் தீராது. 30 அம்பியர் த்ரீ பேஸ் என்றால் ஒவ்வொரு பேஸுக்கும் 30. உங்கள் 7 கிலோவாற் சார்ஜர் சிங்கிள் பேஸ், ஒரு பேஸில் மட்டும்தான் இழுக்கும். 32 அம்பியர் அங்கேயும் கூடுதலாகத்தான் இருக்கும். வீட்டுப் பளு முழுவதையும் மற்ற இரண்டு பேஸுக்கு மாற்றி, ஒரு பேஸைக் காருக்கே ஒதுக்கி, சார்ஜரை 24, 25 அம்பியரில் வைக்கலாம். அதுதான் கிடைக்கிற ஆதாயம். அதற்கு மின்சார சபைக்கு ஒரு தொகை, போர்ட்டை மாற்ற இன்னொரு தொகை. வீட்டு வாசலில் போகிற லைனையும் பாருங்கள். தூணில் வெறுங்கம்பி இரண்டே இரண்டு போனால் அது சிங்கிள் பேஸ் கிளை லைன், த்ரீ பேஸ் இழுத்து வரவேண்டும், செலவு எங்கேயோ போகும். உங்களுடைய ஓட்டத்துக்கு 16 அம்பியர் போதும் என்று அண்ணை சொன்னதுதான் சரி.

விலை குறைக்கிற இடம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. கார் விற்றவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: சார்ஜரின் உத்தரவாதத்துக்கு முழு வேலையையும் அவர்களுடைய ஆட்களே செய்யவேண்டுமா, அல்லது கடைசி இணைப்பையும் தொடக்கி வைப்பதையும் மட்டும் அவர்கள் செய்தால் போதுமா? பின்னது என்றால் வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். பைப், வயர், போர்ட், எர்த் எல்லாம் கிளிநொச்சியிலேயே ஒருவர் செய்யட்டும். தூரத்திலிருந்து வருகிற ஆள் அரை நாள் வந்து பூட்டிச் சோதித்துவிட்டுப் போகட்டும். இரண்டு பேர் இரண்டு நாள் வந்து தங்குகிற செலவு உங்கள் தலையில் விழாது.

உள்ளூரில் ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். அறிவியல்நகரில் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இலிருந்து இருக்கிறது. மின் தொழில்நுட்பம் படித்து வெளியே வந்தவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். என்.வி.கியூ 4 (தேசிய தொழிற்தகைமை, நாலாம் மட்டம்) சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். கூடவே ஒரு கேள்வி: "எர்த் டெஸ்டரும் மெகரும் (வயர்த் தோலின் காப்பை அளக்கிற கருவி) உங்களிடம் இருக்கிறதா?" கருவி இல்லாதவர் கையால் தொட்டுப் பார்த்து நல்லது என்று சொல்வதற்கு நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்கள்.

மூவருக்கும் இந்தச் செய்தியை அப்படியே அனுப்புங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல்:

"சிங்கிள் பேஸ் 30 அம்பியர் வீடு. சார்ஜர் எங்களிடம் இருக்கிறது, 16 அம்பியரில் வைக்கவேண்டும். மெயின் ஐசொலேட்டரிலிருந்து தனி லைன், 7/1.04 மூன்று வயர், 26 மீற்றர், 25 மில்லிமீற்றர் பைப்பில் சுவர் மேலால். தனிப் பெட்டியில் 20 அம்பியர் சி வகைப் பிரேக்கர், ஏ வகை 40 அம்பியர் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச், ரைப் 2 எஸ்பிடி. எட்டடி எர்த் கம்பி இரண்டு, எட்டடி இடைவெளியில், 7/1.35 வயர், பார்வைப் பெட்டியுடன், பழைய எர்த்தோடு சேர்த்து. பக்கத்தில் 20 மில்லிமீற்றர் வெற்றுப் பைப். சாமான் ஒவ்வொன்றின் பிராண்ட், அளவு, விலை தனியாக, கூலி தனியாக, போக்குவரத்து தனியாக. முடிவில் எர்த் ஓம், மெகர் அளவு, ட்ரிப் நேரம் எழுதித் தரவேண்டும்."

பதில் வந்ததும் சாமான் பட்டியலை எடுத்துக்கொண்டு டவுனில் இரண்டு ஹார்ட்வெயாருக்குப் போய் அன்றைய விலை கேளுங்கள். வயர் விலை செம்போடு ஏறி இறங்கும், போன மாத விலையை வைத்துப் பேச முடியாது. வேலைக்காரர் சாமானில் பத்து, பதினைந்து வீதம் வைப்பது நியாயம், போய் வாங்கி ஏற்றி இறக்கிப் பழுதுக்குப் பொறுப்பும் எடுக்கிறார். கூலியை நாளில் கேளுங்கள். இந்த அளவு வேலை ஒரு எலக்ட்ரீசியனுக்கும் ஒரு உதவியாளுக்கும் ஒன்றரை முதல் இரண்டு நாள். ஐந்து நாள் என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அரை நாள் என்று போட்டிருந்தால் எட்டடிக் கம்பி உள்ளே போகப் போவதில்லை.

வவுனிக்குளம் வடக்கு

குறுக்கே ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் 5 கிலோவாற் சோலார் இருக்கிறது, மின்சார சபை லைனோடு இணைத்தது. பகலில் காருக்கு ஏற்றினால் நல்லதா, இரவிலா? கரண்ட் போன நேரம் சோலாரில் ஏற்றலாமா?

மின்கம்பி

கரண்ட் போனால் உங்கள் இன்வேட்டரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்புக்காக. பற்றரி உள்ள ஹைபிரிட் இன்வேட்டர் என்றால் வேறு கதை. பகலில் 16 அம்பியரில் ஏற்றினால் 5 கிலோவாற்றில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே செலவாகும். லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் மத்தியானம் சோலாரால் வோல்ற் ஏறி இன்வேட்டர் விழுந்து விழுந்து எழும்பும். அந்த நேரம் காருக்கு ஏற்றினால் அதுவும் குறையும். காசுக் கணக்கு உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது: யூனிற்றுக்கு யூனிற் கழிக்கிற நெற் மீற்றரிங் என்றால் பகலும் இரவும் ஒன்று. விற்கிற யூனிற்றுக்குக் காசு தருகிற ஒப்பந்தம் என்றால், விற்கிற விலையையும் வாங்குகிற விலையையும் பில்லில் பார்த்து எது கூடவோ அதன்படி செய்யுங்கள்.

செம்மண்

திருநகர் வீட்டுக்காரருக்கு, பூட்டுகிற இடம் பற்றி. சார்ஜரை மேற்குச் சுவரில் வெயில் விழுகிற பக்கம் வைக்க வேண்டாம். பின்னேர வெயிலில் பெட்டி சூடானால் தானாக அம்பியரைக் குறைக்கும். தரையிலிருந்து 1.2 மீற்றர் உயரம் வையுங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சியில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணி ஏறியது, பிளக் உயரத்தில் வைத்த சாமான் எதுவும் தப்பாது. வயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கத்தால் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கி அடைக்கிற மூடி) போட்டு ஏறவேண்டும். மேலால் விட்டால் மாரித் தண்ணி பைப் வழியே உள்ளே இறங்கும். பைப்பின் வாயைச் சிலிக்கன் போட்டு அடையுங்கள். எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும், ஒரு பல்லி போதும் போர்ட்டை எரிக்க. வளவுக்குள் மண்ணால் கொண்டுபோவதென்றால் சாதாரண வயர் பைப்பில் விடாமல் ஆர்மர்ட் கேபிள் (உலோகக் கவசம் உள்ளது), ஒன்றரை அடிக்கு மேல் ஆழம், மேலும் கீழும் மணல்.

ஏ9 ஓட்டம்

வேலை ஒப்படைக்கிற நாளுக்குச் சில விசயம். முற்பணமாகச் சாமானுக்கு மட்டும் கொடுங்கள், கடைப் பில்லை வாங்கிக்கொண்டு. மொத்தத்தில் ஐந்திலொரு பங்கைச் சோதனை முடியும்வரை கையில் வையுங்கள். இதை வேலை தொடங்க முன்னமே சொல்லிவிடுங்கள், முடிவில் சொன்னால் மனக்கசப்பு வரும்.

அன்றைக்குச் செய்யவேண்டியது: சார்ஜரைத் தொடுக்க முன் 500 வோல்ற் மெகரால் வயரை அளக்கவேண்டும். புது வயரில் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். ஒன்றிரண்டு மெகா ஓம் காட்டினால் இழுக்கும்போது எங்கோ தோல் உரிந்திருக்கிறது. ட்ரிப் சுவிச்சை அதன் பொத்தானால் மட்டும் பார்த்தால் போதாது, கருவியால் 30 மில்லி அம்பியர் விட்டு 300 மில்லிசெக்கனுக்குள் விழுகிறதா என்று பார்க்கவேண்டும். லைனும் நியூட்ரலும் மாறியிருந்தால் பல சார்ஜர்கள் எர்த் பிழை என்றே காட்டும், அப்போது எர்த்தைத் தோண்ட வெளிக்கிடாமல் முதலில் அதைப் பாருங்கள். பிறகு காரைத் தொடுத்து 16 அம்பியரில் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, ஓடுகிறபோதே சார்ஜரடி வோல்ற்றை அளந்து எழுதுங்கள். 216க்குக் கீழே என்றால் அண்ணை போட்ட கணக்கில் எங்கோ கூடுதலாக விழுகிறது, பெரும்பாலும் இறுக்காத ஒரு ஸ்குரூ. மெயினை நிறுத்திவிட்டு உடனேயே பிரேக்கர், ட்ரிப் சுவிச், சார்ஜர் முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடச் சூடாக இருந்தால் அதுதான் இடம்.

7/1.04 ஏழு இழை வயர். பிரேக்கருக்குள் நேரே திணித்து இறுக்கினால் இழைகள் நாளடைவில் படிந்து இளகும். முனையில் "பின் லக்" (ஊசி மாதிரி நீண்ட உலோக முனை) போட்டு நெரித்துத்தான் இறுக்கவேண்டும், ஏழு இழையும் உள்ளே, ஒன்றும் வெட்டுப்படாமல். லக் ஒவ்வொன்றும் சில ரூபாய்ச் சாமான், பட்டியலில் இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து ஒருமுறை வந்து எல்லா முனையையும் திரும்ப இறுக்கிவிட்டுப் போவதையும் இப்போதே கூலிக்குள் பேசிவிடுங்கள்.